கறண்ட் இல்லாத ஊரில் ஒரு மீன்தொட்டி

போன ஐப்பசி மழையோட எங்கட அறையில இருந்த கொரிடோராஸ் மீன் முட்டை போட்டது. திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற அறை அது. ஆள் நாலு, கட்டில் மூண்டு, மீன்தொட்டி ஒண்டு. காலமை எழும்பிப் பார்த்தால் கண்ணாடி முழுக்கக் கடுகளவில் வெள்ளை மணிகள். சந்தோசத்தில் படம் எடுத்தோமே தவிர, முட்டையை வேறாக்க வேணும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பாதியைப் பெரிய மீன்களே தின்றுவிட்டன. மிச்சத்தில் பூஞ்சணம் பிடித்தது. ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை.

இதை எங்களில் ஒருவரின் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "மழைத்தண்ணி ஊத்தினனீங்களோ? அப்ப போடத்தானே செய்யும்." எண்பதுகளில் அவரும் இதே மீனை வளர்த்தவராம். எங்களுக்கு அது புதினமாக இருந்தது. யாழ்ப்பாண வரலாறு என்று நாங்கள் வாசிச்ச ஒரு புத்தகத்திலும் மீன்தொட்டி வந்ததில்லை.

கொரிடோராஸ் தென் அமெரிக்கக் கெளுத்தி. இரண்டு விரல் நீளம், வாயோரம் மீசை, உடம்பில் கவசம் மாதிரித் தகடுகள். இந்தக் குடும்பத்தின் புள்ளிக் கெளுத்தியை டார்வின் தன்னுடைய பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்தார். 1842இல் லெனார்ட் ஜெனின்ஸ் அதற்குப் பெயர் வைத்தார். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்வாசியில் பாரிஸில் பியர் கார்போனியே என்பவர் அதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்தார். கடைகளில் இன்று அதிகம் கிடைக்கிற வெண்கல நிறக் கொரிடோராஸை 1858இல் டிரினிடாட்டிலிருந்து விவரித்தவர் தியோடர் கில். எங்கட தொட்டியில் இருப்பதும் அதுதான். இதெல்லாம் எழுதப்பட்ட வரலாறு. அந்த மீன் யாழ்ப்பாணம் வந்த கதையைப் பெரியப்பாதான் சொல்லவேண்டி இருந்தது.

கொழும்பில் வாங்கி, சொப்பின் பையில் தண்ணியும் காற்றும் அடைத்து, யாழ்தேவியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியபோது ரயில் நின்றது. கறண்ட் போனது. பொருளாதாரத் தடையில் பற்றரி, மண்ணெண்ணெய் எல்லாம் தட்டுப்பாடு. படிக்கவே ஜாம் போத்தல் விளக்கு எண்டால், மீனுக்குக் காற்றடிக்கிற மோட்டருக்கு எங்க போறது? தொட்டியில் இருந்த மற்ற மீன்கள் ஒவ்வொண்டாய்ச் செத்துப்போக, கெளுத்திகள் தப்பின.

அதுக்குக் காரணம் இருக்கு. தண்ணியில் ஒட்சிசன் குறைந்தால் கொரிடோராஸ் மேலே பாய்ந்து வந்து ஒரு வாய் காற்றை விழுங்கும். அந்தக் காற்றிலிருந்து குடலே ஒட்சிசனை உறிஞ்சும். பெரியப்பாவுக்கு அந்த விஞ்ஞானம் தெரியாது. பின்னேரத்தில் வாளித் தண்ணியைச் செம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவாராம். அவ்வளவுதான் அவரிட்ட இருந்த மோட்டர்.

போர்க்காலத்தில் மீனைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்களே என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஷெல்லுக்கும் குண்டுவீச்சுக்கும் நடுவில் மீன் ஒரு பெரிய விசயமில்லை. ஆனால் ஐந்து வருசம் இருட்டில் இருந்த சனம் பதுங்குகுழியில் மட்டும் இருக்கவில்லை. படித்தது, கலியாணம் செய்தது, மீனுக்குத் தண்ணியும் மாத்தினது. அதை விட்டுவிட்டு எழுதினால் அந்த ஆக்களை அரைவாசிதான் எழுதுகிறோம்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலத்தால் லட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்கு நகர்ந்தது. "மீனை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டோம். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கிணத்துக்குள்ள விட்டனான். வேற என்ன செய்யிறது?" 1996இல் திரும்பி வந்து எட்டிப் பார்த்தபோது நுளம்புக்குடம்பி தின்னவெண்டு முந்தியே விட்டிருந்த கப்பிகள் நின்றன. கெளுத்திகளைக் காணவில்லை.

கிணறு என்றதும் இன்னொன்று. பேராறு இல்லாத குடாநாடு இது. வழுக்கையாறும் மழைக்கு மட்டும்தான் ஓடும். மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் நாங்களும் குடிக்கிறோம், மீனும் குடிக்குது. 2013இல் கிளிநொச்சி – சுன்னாகம் மின்வழியால் தேசிய மின்சாரம் திரும்ப வந்தது. அடுத்த இரண்டு வருசத்துக்குள் சுன்னாகக் கிணறுகளில் கழிவெண்ணெய் என்று சனம் தெருவுக்கு வந்தது. அங்கே மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேணும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொட்டி மீனுக்கு வேண்டியது வெளிச்சமும் நல்ல தண்ணியும். எங்கட ஊரில் ஒன்று கிடைத்த நேரம் மற்றது பழுதாகியிருக்கிறது.

கார்த்திகையில் இரண்டாம் தரம் முட்டை போட்டது. பெரியப்பா சொன்னபடி, ஒரு பெட்டைக்கு இரண்டு ஆண் விட்டு, பீப்பாவில் பிடித்த குளிர்ந்த மழைத்தண்ணியால் அரைத்தொட்டியை மாத்தியிருந்தோம். இந்தமுறை முட்டைகளை விரலால் மெதுவாய் உருட்டி எடுத்து ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு, மெத்திலின் புளூ இரண்டு துளி விட்டோம். வெள்ளையாய்ப் போன முட்டைகளை அன்றன்றே எடுத்தோம். நாலாம் நாள் பொரித்தது. முதல் இரண்டு நாள் வயிற்று மஞ்சட்கருவே சாப்பாடு. பிறகு ஆர்ட்டீமியாக் குஞ்சு. அடியில் தங்கிற மிச்சத்தை ஒவ்வொரு நாளும் குழாயால் உறிஞ்ச வேணும். ஒரு நாள் விட்டதுக்கு ஒன்பது செத்தது. ஒரு மாசத்தில் பதினேழு மிஞ்சியது.

அதில் ஆறைச் சொப்பின் பையில் போட்டுப் பெரியப்பாவிடம் கொண்டுபோனோம். பையைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். "பழைய தொட்டி பத்திக்குள்ள கிடக்கும், எடுங்கோ" என்றார்.

உங்கட வீட்டிலயும் கேட்டுப் பாருங்கோ. 95இல் வெளிக்கிடேக்க நாயை என்ன செய்தது, கிளியை ஆர் திறந்துவிட்டது, மீனை எங்க ஊத்தினது எண்டு. சொல்லக்கூடிய ஆக்கள் இன்னும் இருக்கினம். இருக்கிறபோதே எழுதி வைப்போம்.