கஞ்சி போட்ட கழுத்து

1769 மே மாதம். லண்டனுக்கு வெளியே, தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில், ஸ்ட்ராபெரி ஹில் என்ற மாளிகை. வீட்டுக்காரர் ஹொரேஸ் வால்போல், எழுத்தாளர். பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் மகன். பழம்பொருள் என்றால் உயிரை விடுவார். அன்று அவர் வீட்டில் விருந்து. வெளிநாட்டுத் தூதர்களும் பிரபுக்களும் தங்கள் பரிவாரத்தோடு வந்து இறங்குகிறார்கள். வாசலில் நின்று வரவேற்ற வால்போலின் கழுத்தில் தொங்கியது அருமையான வெனிஸ் லேஸ். பூவும் கொடியும் கண்ணியுமாக, ஊதினால் பறந்துவிடும் போல இருக்கிறது. தொட்டுப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். அது துணியே இல்லை, மரம்.

கிரின்லிங் கிப்பன்ஸ் என்ற சிற்பி 1690 வாக்கில் லைம் மரத்தில் செதுக்கிய க்ரவாட் என்ற கழுத்தணி அது. கையில் வேறு, முதலாம் ஜேம்ஸ் மன்னருடையவை என்று சொல்லப்பட்ட, முழங்கை வரை பூத்தையல் போட்ட கையுறைகள். உடன் வந்த பிரெஞ்சு வேலைக்காரர்கள் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்களாம். இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கனவான்கள் தினமும் இப்படித்தான் உடுத்துவார்கள் என்று நம்பியும் விட்டார்களாம். வால்போலே இதைக் கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். அந்த மர க்ரவாட்டை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

இந்தக் கதையில் வரப்போகும் அத்தனை க்ரவாட்டிலும் எனக்குப் பிடித்தது இதுதான். துவைக்க வேண்டாம், கஞ்சி போட வேண்டாம், இஸ்திரி வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ ஒருத்தி குனிந்து துவைத்துக்கொண்டிருக்கிறாள். க்ரவாட்டின் சரித்திரத்தை மன்னர்களையும் தளபதிகளையும் வைத்தே எழுதிவிடுகிறார்கள். வண்ணாரத்துறையில் இருந்து பார்த்தால் அது இன்னும் நன்றாகப் புரிகிறது.

சென்ற வாரம் பார்த்த ரஃப் காலரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் தலையை வைத்தது போல, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக நின்ற அந்த ராட்சசக் காலர் நின்றதே கஞ்சியால்தான். 1564இல் டிங்கன் என்ற பிளெமிஷ் பெண்மணி லண்டனுக்கு வந்து, கஞ்சி போடுவது எப்படி என்று சீமாட்டிகளுக்குப் பாடம் எடுத்தார். கட்டணம் நான்கைந்து பவுன். கஞ்சி காய்ச்சும் பக்குவத்துக்குத் தனியாக இருபது ஷில்லிங். அந்தக் காலத்தில் அது கொள்ளைப் பணம்.

அடுத்த நூற்றாண்டில் அந்தக் காலர் தளர்ந்து, தோளில் படுத்துக்கொண்டது. பிறகு ஆண்கள் முடி வளர்த்தார்கள். முடி இல்லாதவர்கள் டோப்பா வைத்தார்கள். தோள் மொத்தமும் சுருள் முடியில் மறைந்துபோனது. தோளில் விரித்துப் போட்ட லேஸ் காலரை யார் பார்க்கப்போகிறார்கள்? கண்ணில் படுவது தாடைக்குக் கீழே, மார்புக்கு மேலே ஒரு சாண் இடம்தான். அந்த ஒரு சாண் இடத்துக்குத்தான் குரோஷியாக்காரன் வந்து சேர்ந்தான்.

1618இல் தொடங்கி 1648 வரை ஐரோப்பாவைச் சூறையாடியது முப்பதாண்டுப் போர். அதில் குரோஷியக் குதிரைவீரர்கள் கூலிக்குப் போர் செய்தார்கள். பெரும்பாலோர் ஹாப்ஸ்பர்க் பேரரசன் பக்கம். சிலர் பிரான்ஸ் பக்கம். யார் காசு கொடுத்தாலும் அவர்கள் உடையில் ஒரு விஷயம் மாறவில்லை: கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டு, நுனியைத் தொங்கவிட்ட துணி. புழுதி உள்ளே போகாது, வியர்வையைத் துடைக்கலாம், குளிருக்கு அடக்கம். போருக்குப் போகிறவன் கழுத்தில் காதலி கட்டிவிட்ட துணி என்று குரோஷியாவில் கதை சொல்வார்கள். கதை அழகாகத்தான் இருக்கிறது.

குரோஷியர்கள் தங்களை ‘ஹர்வாட்’ என்று சொல்லிக்கொள்வார்கள். பிரெஞ்சு நாக்கில் அது ‘க்ரவாட்’ ஆனது. ஆளின் பெயரே துணிக்கு வந்துவிட்டது. பதினான்காம் லூயி 1667இல் ‘ராயல் க்ரவாட்’ என்று ஒரு படைப்பிரிவுக்கே பெயர் வைத்தான். குரோஷியர்கள் இந்தப் பெருமையை இன்றும் விடவில்லை. 2003 அக்டோபர் 18 அன்று பூலா நகரின் ரோமானிய அரங்கத்தைச் சுற்றி 808 மீட்டர் நீளமுள்ள சிவப்பு டை ஒன்றைக் கட்டினார்கள். அக்டோபர் 18 அங்கே க்ரவாட் தினம். 2008இல் நாடாளுமன்றமே அறிவித்துவிட்டது.

‘அதற்கு முன்னால் யாரும் கழுத்தில் துணி கட்டவில்லையா’ என்று கேட்பீர்கள். கட்டினார்கள். சீனத்துச் சுடுமண் வீரர்கள் கழுத்தில் துணி உண்டு. ரோமில் டிராஜன் தூணில் செதுக்கிய படைவீரர்கள் கழுத்திலும் உண்டு. நம் ஊர் உழவன் தலையில் கட்டிய துண்டு கழுத்துக்கு இறங்கினால் அதுவும் அதே வேலைதான் செய்கிறது. ஆனால் அவையெல்லாம் வேலைக்காரத் துணிகள். அரண்மனைக்குள் நுழைந்து, வேலையே செய்யாதவன் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது குரோஷியத் துணி மட்டும்தான்.

ஏறியதும் சோம்பேறியாகிவிட்டது. லூயி மன்னனுக்கு க்ரவாட் எடுத்துக் கொடுக்கவே ஒரு அதிகாரி உண்டு. பதவியின் பெயர் ‘க்ரவாட்டியே’. காலையில் ரிப்பன் கட்டிய க்ரவாட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு வருவார், மன்னன் ஒன்றைத் தொடுவான். முழுக்க லேஸ். நல்ல லேஸ் வெனிஸிலிருந்து வந்தது, பிரெஞ்சுப் பணம் வெனிஸுக்குப் போனது. நிதியமைச்சர் கோல்பேருக்கு இது பொறுக்கவில்லை. 1665இல் அலான்சோன் முதலிய ஊர்களில் அரசு ஆதரவோடு லேஸ் பட்டறைகளைத் தொடங்கினார். வெனிஸிலிருந்தே பெண்களை வரவழைத்துக் கற்றுக்கொடுக்கச் செய்தார். ஊசியும் நூலும் கொண்டு, கண்ணி கண்ணியாக, ஒரு துண்டுக்கு மாதக்கணக்கில் அவர்கள் குனிந்திருந்தார்கள். குதிரைக்காரனின் வியர்வைத் துணி இருபது முப்பது வருடத்தில் எங்கே வந்து நின்றது பாருங்கள்.

போர்க்களம் இன்னொரு முறை இந்தத் துணியைத் தொட்டது. 1692 ஆகஸ்ட் 3, ஸ்டேன்கெர்க், இன்றைய பெல்ஜியத்தில். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் விடியற்காலையில் பிரெஞ்சு முகாம் மீது பாய்ந்தார். க்ரவாட்டைப் பக்குவமாகக் கட்டிக்கொள்ள பிரெஞ்சு இளவரசர்களுக்கு நேரமில்லை. கயிறு போல முறுக்கி, கோட்டின் பொத்தான் துளையில் நுனியைச் செருகிக்கொண்டு ஓடினார்கள், ஜெயித்தும் விட்டார்கள். பாரீஸில் பெண்கள் உட்பட எல்லோரும் அவசரமே இல்லாமல் அரைமணி நேரம் கண்ணாடி முன்னால் நின்று, அவசரத்தில் செருகியது போலச் செருகிக்கொண்டார்கள். அதற்கு ‘ஸ்டேன்கெர்க்’ என்றே பெயர். தோற்றுப்போன இங்கிலாந்திலும் அதே மோகம். தோற்ற ஊரின் பெயரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அலைந்தவர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ‘ஸ்டாக்’ வந்தது. பின்கழுத்தில் பக்கிள் போட்டு இறுக்கும் பட்டை. படைவீரர்களுக்கு அதைத் தோலிலேயே செய்தார்கள், தலை குனியவே முடியாது. அமெரிக்க மரீன் வீரர்களுக்கு ‘தோல் கழுத்தர்கள்’ என்று பட்டப்பெயர் வந்தது அதனால்தான். அதை இந்த அளவில் விட்டுவிடலாம். நாம் பார்க்க வேண்டிய ஆள் மேஃபேரில், செஸ்டர்ஃபீல்ட் தெரு 4ஆம் எண் வீட்டில் கண்ணாடி முன்னால் நிற்கிறார்.

ஜார்ஜ் பிரைன் பிரம்மெல். 1778இல் பிறந்தவர். பிரபு குடும்பம் இல்லை, தாத்தா வேலைக்காரராக இருந்தவர். பேரன் பட்டத்து இளவரசனுக்கு உடை விஷயத்தில் குருவானார். பட்டு, சரிகை, பவுடர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நீலக் கோட்டு, வெள்ளைக் க்ரவாட் என்று நின்றார். எளிமைதான். அந்த எளிமைக்குத் தினமும் மணிக்கணக்கில் நேரம் பிடித்தது.

அதுவரை ஆண்கள் க்ரவாட்டுக்குக் கஞ்சி போடவில்லை. மதியத்துக்குள் தொய்ந்து, கழுத்தில் மூட்டை கட்டியது போலத் தொங்கும். பிரம்மெல் லேசாகக் கஞ்சி போடச் சொன்னார். அவ்வளவுதான் அவருடைய புரட்சி. ‘லேசாக’ என்பதில்தான் சூட்சுமம். எங்கள் பாட்டி வேட்டிக்குக் கஞ்சி போடும்போது வடிகஞ்சியைத் துணியில் வடிகட்டி, விரலால் தொட்டுப் பார்த்து, தண்ணீர் கலந்து, ஒரு சொட்டு நீலம் விடுவாள். கொஞ்சம் கூடினால் வேட்டி அப்பளம், குறைந்தால் கந்தல். பிரம்மெலின் வீட்டிலும் கணக்கு அதுவே. அவரைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் க்ரவாட்டின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி, முக்கால் பங்கும் வளையாமல் நிற்கிறதா என்று சோதித்தார்களாம். அப்பளக் கட்சி.

அவர் கட்டும் விதத்தை, அவருடைய வரலாற்றை எழுதிய கேப்டன் ஜெஸ்ஸி விவரிக்கிறார். சட்டையோடு தைத்த காலரை நிமிர்த்தினால் முகமே மறைந்துவிடும், அவ்வளவு பெரிது. அதை மடித்துவிட்ட பிறகு, குறைந்தது ஓரடி உயரமுள்ள வெள்ளைத் துணியைச் சுற்றுவார். முகவாய் கூரையைப் பார்க்க நிற்பார். முடிச்சு விழுந்ததும் தாடையை மெல்ல மெல்ல இறக்குவார். தாடை இறங்க இறங்க துணி மடிப்பு மடிப்பாகப் படியும். மடிப்புச் சரியாக விழுந்தால் சரி, விழாவிட்டால் கையால் திருத்துவது கிடையாது. அவிழ்த்துத் தரையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுப்பார். ஒரு நாள் காலை அவருடைய பணியாளர் ராபின்சன் கை நிறையக் கசங்கிய க்ரவாட்டுகளோடு படியிறங்கி வந்ததைப் பார்த்து, என்ன இது என்று யாரோ கேட்டார்கள். எங்களுடைய தோல்விகள் என்றாராம் ராபின்சன்.

அந்தத் தோல்விகள் எங்கே போகும்? சலவைக்குத்தான். லண்டன் நிலக்கரிப் புகையில் வெள்ளை வெள்ளையாக இருக்காது என்பதால், துணி கிராமத்துக்குப் போய் வெளுத்து வர வேண்டும் என்பது பிரம்மெலின் விதி. முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்ற அந்தக் கிராமத்துப் பெண்கள் யாருடைய பெயரும் ஜெஸ்ஸியின் புத்தகத்தில் இல்லை.

1818 செப்டம்பரில் ‘நெக்கிளாத்திடேனியா’ என்று கேலியும் பாடமுமாக ஒரு சிறு புத்தகம் லண்டனில் வந்தது. பதினான்கு விதமாகக் கட்டும் முறைகள், படத்தோடு. அதில் ஒன்றின் பெயர் ‘மராட்டா’. மெல்லிய மஸ்லினை முதலில் பின்கழுத்தில் வைத்து, முன்னால் கொண்டுவந்து சங்கிலிக் கண்ணி போலக் கோத்து, மறுபடியும் பின்னால் கட்ட வேண்டும். அதே வருடம்தான் மராட்டியப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சரணடைந்தார். நாட்டையும் பிடித்து, பெயரைக் கழுத்திலும் முடிந்துகொண்டார்கள்.

நம் பக்கத்துத் துணியும் அந்தக் கழுத்துகளில் உண்டு. பழவேற்காட்டிலிருந்து போன கட்டம் போட்ட கைக்குட்டைக்கு இங்கிலாந்தில் ‘புல்லிகட்’ என்று பெயர். ஊர்ப் பெயரே சரக்குப் பெயர். மலாய்க்காரர்கள் லுங்கியைக் ‘காயின் பெலிகட்’ என்பதும் இதே ஊரால்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிளாஸ்கோ வட்டாரத்து நெசவாளர்கள் புல்லிகட்டைக் காப்பியடித்து நெய்து தள்ளினார்கள். அதை வாங்கிக் கழுத்தில் கட்டியவன் கனவான் இல்லை, உழைத்துப் பிழைக்கிறவன். நிறமும் கட்டமும் இருந்தால் அழுக்குத் தெரியாது, வாரத்துக்கு ஒரு தடவை அலசினால் போதும். வெள்ளைக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் சலவைக் கூலிதான்.

பாரீஸில் 1827இல் வந்த க்ரவாட் பாடப்புத்தகத்துக்கு ஆசிரியர் ‘பாரன் எமில் த லாம்பேஸே’. புனைபெயர். லாம்பேஸே என்றால் கஞ்சி போட்டவர்! அதை அச்சிட்ட அச்சகம் நாவலாசிரியர் பால்சாக்குடையது. புத்தகம் பேர் வாங்கியது, அச்சகம் மறு வருடமே கடனில் மூழ்கியது. அதன்பின் வேகமாக எல்லாம் சுருங்கிவிட்டன. ஆலைக்கும் ஆபீசுக்கும் ஓடுகிறவர்களுக்கு முகவாயைத் தூக்கி நிற்க நேரமில்லை. துணி ஒல்லியாகி, நீண்டு, இன்றைய டை ஆயிற்று. 1920களில் நியூயார்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டி மூன்று துண்டாக இணைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அவிழ்த்தாலும் சுருண்டு போகாத டை வந்தது அப்படித்தான். கஞ்சிக்கு வேலை போயிற்று.

பிரம்மெலை விட்ட இடத்துக்கு வருவோம். இளவரசனோடு பகை. 1813இல் ஒரு நடன விருந்தில் தன்னைக் கவனிக்காமல் போன இளவரசன் காதில் விழும்படி, உங்கள் குண்டு நண்பர் யார் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். சூதாட்டக் கடன் கழுத்தை நெரித்தது. 1816 மே மாதம் ஒரு இரவு லண்டனை விட்டு ஓடி, கடல் கடந்து பிரான்ஸின் கலேயில் ஒதுங்கினார். 1830இல் கான் நகரத்தில் பிரிட்டிஷ் கான்சல் வேலை கிடைத்தது. இந்தப் பதவியே தேவையில்லை என்று அவரே மேலிடத்துக்கு எழுதினார், இதைவிட நல்லதாகக் கிடைக்கும் என்ற நப்பாசையில். மேலிடம் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு பதவியை எடுத்துவிட்டது. வேறு பதவி வரவில்லை. 1835இல் கடனுக்காகச் சிறை. நண்பர்கள் பணம் திரட்டி மீட்டார்கள்.

அதற்குப் பிறகு சலவைக்கு வழியில்லை. வெள்ளை மஸ்லின் தவிர வேறெதையும் கழுத்தில் ஏற்றாத அந்த மனிதர், ஒரு நாள் கறுப்புப் பட்டுக் கைக்குட்டை கட்டிக்கொண்டு கான் நகரத் தெருவில் இறங்கினார். அழுக்குத் தெரியாத கறுப்பு. தெரிந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

(தொடரும்)