ஓரியின் மலையும் பாட்டை மறந்த கூத்தரும்: படைப்புத் தடை குறித்த சங்கச் சான்றுகள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை இன்று வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, திண்ணனூர் நாடு முதலிய நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. சங்கச் செய்யுட்களில் இந்நாட்டுப் பெயர்கள் இடம்பெறவில்லை. மலை முழுதும் ஒன்றாகவே சுட்டப்படுகிறது. ஆதலின், ஓரியைப் பற்றிய செய்திகளைத் திண்ணனூர் நாட்டுக்கோ அதன் அயல் நாடுகளுள் ஒன்றற்கோ தனித்து உரியனவாகக் கொள்ள இடமில்லை. மலை முழுமைக்கும் பொதுவான இலக்கிய மரபாகவே அவற்றைக் கருத வேண்டும். அம்மரபில், கலைஞர் தம் கலை இயலாது நின்ற நிலையும் பதிவாகியுள்ளது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

புறநானூற்றின் 152, 153ஆம் பாடல்கள் வன்பரணர் பாடியவை. முன்னதில், காட்டில் தனியே வேட்டையாடித் திரியும் வில்லாளன் ஒருவனை இரவலர் காண்கின்றனர். அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலி, மான், பன்றி, உடும்பு என அடுத்தடுத்து ஊடுருவிச் செல்கிறது. அவன் ஓரியோ அல்லனோ என்று ஐயுற்ற நிலையிலேயே, பாடுநர் விறலியரை நோக்கி முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை ஆகிய கருவிகளை ஆயத்தம் செய்யுமாறு கூறுகிறார். இருபத்தொரு துறைகளும் முறையாகப் பாடப்படுகின்றன. இறுதியில் வேந்தனைக் குறிக்கும் சொல்லால் விளித்தபோது அவ்வில்லாளன் நாணுகிறான். பின்னர் ஊனும் கள்ளும் பொன்னும் மணியும் வழங்குகிறான். பரிசில் கிடைக்கும் என்னும் உறுதி இல்லாதபோது பாட்டு தடையின்றிப் பெருகியது என்பது இங்கு நோக்கத்தக்கது.

153ஆம் பாடலில் நிலை தலைகீழாகிறது. ஓரியின் கொடையைக் காணச் சென்ற கூத்தர் சுற்றம், மணியாலான குவளைப் பூவை வெள்ளி நாரில் தொடுத்த கண்ணியையும் அணிகலனையும் யானைகளையும் பெற்று மீள்கிறது. மீண்டவர்க்கு இப்போது பசி இல்லை. அதனாலோ என்னவோ, இசைக்கருவிகள் முழங்கியும் அவர்களால் ஆட இயலவில்லை. பாட்டும் மறந்துபோயிற்று என்கிறார் புலவர். இப்பாடலில் கொல்லியின் பெயர் இல்லை. மழை சூழ்ந்த குன்றின் உரிமையாளன் என்ற தொடரும் ஆதன் ஓரி என்ற பெயருமே உள்ளன. எனினும் முந்தைய பாடலோடு சேர்த்து நோக்குகையில் இவனே வல்வில் ஓரி எனக் கொள்ளும் மரபு ஏற்கத்தக்கதே.

இது வெறும் உயர்வு நவிற்சி, கொடையின் மிகுதியை உணர்த்தும் உத்தி என்று கடந்து செல்லலாம். அவ்வாறு கொள்ளவும் சான்று உண்டு. இதே வன்பரணர், 149ஆம் பாடலில் நள்ளியின் கொடையைப் பெற்ற பாணர் காலைப் பண்ணையும் மாலைப் பண்ணையும் இடம் மாற்றி இசைத்தனர் என்கிறார். ஆகவே இக்கருத்து அப்புலவர் விரும்பிக் கையாண்ட வாய்பாடு எனலாம். ஆனால் வாய்பாடு என்பதாலேயே அது பொருளற்றதாகிவிடாது. ஒரே புலவர் இருமுறை எடுத்தாண்ட ஒரு கருத்து, அவர் காலத்துக் கலைவாழ்வின் உண்மையான அச்சம் ஒன்றைத் தொட்டிருக்க வேண்டும். பசியே பாட்டின் ஊற்றானால், பசி நீங்கியபின் பாட்டுக்கு என்ன நேரும் என்பதே அவ்வச்சம். படைப்புத் தடையை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆராய்ந்த எட்மண்ட் பெர்க்லர் அதற்கான காரணத்தை ஆழ்மனத்தில் தேடினார். வன்பரணரோ அதனை வயிற்றிலும் கொடையுறவிலும் கண்டார்.

கூத்தர் பாட்டை மறந்தனர் என்று சொல்பவர் மட்டும் பாட்டை மறக்கவில்லை. சங்கப் பாடல்களைப் பாணர் மரபின் வாய்மொழிப் பாடல்களாகக் கண்ட க. கைலாசபதியின் கொள்கையைக் (1968) கொண்டாலும், எழுத்தறிந்த புலவர் பாணரின் பாட்டு முறையைப் பின்பற்றி இயற்றியவை என்ற ஜார்ஜ் ஹார்ட்டின் கொள்கையைக் (1975) கொண்டாலும் இம்முரண் நிற்கிறது. கூத்தரைத் தம் சுற்றம் என உரிமை கூறும் குரல், அச்சுற்றத்தின் வாய் அடைத்த நிலையையே பாடுபொருளாக்கிக் கொள்கிறது. பாட இயலாமையைப் பாடியே வன்பரணர் அத்தடையைக் கடக்கிறார்.

கழைதின் யானையார் ஓரியைப் பாடிய 204ஆம் பாடல் மறுபுறத்தைக் காட்டுகிறது. இங்கே பரிசில் கிட்டவில்லை என்றே பாடலின் போக்கால் உய்த்துணர வேண்டியுள்ளது. இரத்தலின் இழிவும், அதனினும் இழிந்த மறுத்தலும், கொடுத்தலின் உயர்வும், அதனினும் உயர்ந்த கொள்ளாமையும் முதலில் நிறுத்தி அளக்கப்படுகின்றன. நீர் வேட்டவர் தெளிந்த பெருங்கடலை உண்ணார். சேறு கலங்கிய சிறு குட்டையாயினும் உண்ணும் நீர் உள்ள இடத்துக்கே வழிகள் பல என்னும் உவமை தொடர்கிறது. பரிசில் பெறாதவர் தாம் புறப்பட்ட பொழுதையும் புள் நிமித்தத்தையும் நோவாரேயன்றி வள்ளலை நோவார். ஆதலின் உன்னை வெறுக்கமாட்டேன் என்று புலவர் முடிக்கிறார். பெற்றவர் பாட்டு மறந்த அரசனிடத்தில், பெறாதவரின் பாட்டு இத்துணைச் செறிவுடன் எழுந்தது. ஓரியைப் பற்றிய மூன்றில் தமிழர் நாவில் மிகுதியும் நிலைத்தது இதுவே.

ஓரியை முள்ளூர் மன்னன் காரி கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியைக் கல்லாடனார் அகநானூற்றின் 209ஆம் பாடலில் தருகிறார். பாரிக்குக் கபிலரும் அதியமானுக்கு ஔவையாரும் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன; ஓரிக்கு அத்தகைய பாடல் அந்நூலில் இல்லை. அவன் இறப்பு அகத்திணைக்குள் உவமையாகவே நுழைகிறது. நற்றிணை 320இல் கபிலர், பரத்தை ஒருத்தி தெருவில் நடந்தபோது ஊரில் எழுந்த ஆரவாரத்துக்கு, ஓரியைக் கொன்ற காரி அவனது பெருந்தெருவில் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தை ஒப்பிடுகிறார்.