வாடகைதாரர் காப்புறுதியும் கடன்பற்று அட்டைப் பாதுகாப்பும் (பொங்கோல், சிங்கப்பூர்)

சிங்கப்பூரின் வடகிழக்கிலுள்ள பொங்கோலில் பெரும்பாலான வீடுகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டியவை. 1994 செப்டம்பர் 1 முதல் வீவக கடன் பெற்று வீடு வாங்குவோருக்குத் தீக் காப்புறுதி கட்டாயம். ஐந்தாண்டுக்கான சந்தா பத்து வெள்ளிக்கும் குறைவு. ஆனால் அது சுவர், தரை, கழகம் பொருத்திக் கொடுத்த கதவு, குழாய் போன்றவற்றுக்கு மட்டுமே. வாடகைக்கு இருப்பவரின் தொலைக்காட்சியோ மடிக்கணினியோ அதில் சேராது. பலர் இதைத் தீ விபத்துக்குப் பிறகே அறிகிறார்கள். வாடகைதாரர் தம் உடைமைக்குத் தனியாகக் காப்புறுதி எடுக்க வேண்டும்.

சில கடன்பற்று அட்டைகள், அட்டையில் வாங்கிய பொருள் குறிப்பிட்ட நாள்களுக்குள் (பெரும்பாலும் 90) திருடுபோனாலோ சேதமானாலோ ஈடு தருகின்றன. வடகிழக்கு ரயில் தடத்தில் லிட்டில் இந்தியா வந்து, சையது ஆல்வி சாலை முஸ்தஃபா கடையில் அட்டையைத் தேய்த்து 1,200 வெள்ளிக்குத் தொலைக்காட்சி வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். அடுத்த மாதமே குழாய் வெடித்து அது நனைந்தால், வாடகைதாரர் காப்புறுதி, அட்டை ஆகிய இரண்டு இடத்திலும் முழுத் தொகை கேட்க முடியாது. காப்புறுதி இழப்பை ஈடுகட்டுமே தவிர லாபம் தராது. அட்டைப் பாதுகாப்பு பொதுவாக இரண்டாவதாகவே வரும்: வாடகைதாரர் காப்புறுதி கொடுத்தது போக, ஈட்டில் சேராமல் வாடகைதாரர் தலையில் விழும் ஆரம்பத் தொகையை அது ஏற்கலாம். ஈடு கேட்கும்போது தொல்லை தருவது ரசீதுதான். அனல் தாளில் அச்சான எழுத்து சில மாதத்தில் மங்கிவிடலாம். வாங்கிய அன்றே படமெடுத்து வைப்பது நல்லது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தாழ்வாரத்தில் நிறுத்திய மிதிவண்டியைப் பல காப்புறுதி ஒப்பந்தங்கள் வீட்டுக்குள் இருந்த பொருளாகக் கொள்வதில்லை.