பேரும் முதலெழுத்தும்: மட்டக்களப்பு முஸ்லிம்களின் பெயர் மரபு பற்றிச் சில குறிப்புகள்

என்னிடம் தமிழ் படித்த பிள்ளையொருத்தி சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தாள். பெண் குழந்தை பிறந்து ஐந்தாம் நாள். ஏழாம் நாள் முடியிறக்கி, அகீகாக் கொடுத்து, பெயர் வைக்க வேண்டும்.

"சேர், உம்மம்மாட பேர வெக்கணும் எண்டு எனக்கு ஆச. ஆசியா உம்மா. ஆனா அந்தப் பேருக்குப் பாவி எண்டு கருத்தாம், ரசூலுல்லாவே மாத்தின பேராம், வெக்கக் கூடாதெண்டு செல்றாங்க. மெய்தானா?"

பாதி மெய். 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் பெயரைக் கொண்ட ஒரு பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள் ஜமீலா என்று பெயர் மாற்றியதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் அறபில் ஐன், ஸாத் என்ற எழுத்துகளால் எழுதப்படுவது. நமது மூத்த பெண்கள் தாங்கிய ஆசியா, பிர்அவ்னின் மனைவியாய் இருந்தும் ஈமானை விடாத பெண்மணியின் பெயர். அது அலிஃபும் ஸீனும் கொண்டு எழுதப்படுவது. அறபில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன. ஆயுள் முழுக்க அந்தப் பெயரோடு தொழுது, நோன்பு பிடித்து, பிள்ளை வளர்த்த ஒரு மனுசியின் பெயரை, எழுத்து வித்தியாசம் விளங்காமல் நாம் தள்ளிவைக்கப் பார்த்தோம்.

அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதிலின் நீட்சிதான் இக்கட்டுரை. ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி தொடக்கம் தெற்கே கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வரை வாவியும் வயலும் கடலும் சூழ வாழும் நமது சமூகத்தின் பழைய பெயர்களை இன்று பலர் 'பிழையான பெயர்கள்' என்று நினைக்கிறார்கள். அவை பிழையல்ல. ஒழுங்கான இலக்கணம் உடையவை.

முதலில் ஒலியைப் பார்ப்போம். வேற்றுமொழிச் சொல் தமிழுக்கு வரும்போது தமிழின் ஒலிக்கு இசைந்து திரிவதைத் தற்பவம் என்று நன்னூல் வழியில் வகுப்பில் படிப்பிக்கிறோம். வடமொழிக்குப் பொருந்தும் விதி அறபுக்குப் பொருந்தாமல் போகுமா? உஸ்மான் உதுமான் ஆனார். இப்றாஹீம் இபுறாகீம் ஆனார். பாத்திமா பாத்தும்மா ஆனா. ஸைனப் செய்னம்பு ஆனா. காத்தான்குடி தந்த கவிஞர் அப்துல் காதர் லெப்பை தமது நூலொன்றுக்கு 'செய்னம்பு நாச்சியார் மான்மியம்' என்றுதான் பெயரிட்டார். இப்போது ஸைனப் என்ற பெயர் மறுபடி வந்திருக்கிறது. பூட்டிக்கு வைத்த பெயரும் பூட்டப்பிள்ளைக்கு வைத்த பெயரும் ஒன்றுதான் என்பதை வீட்டாரே அறியாமல் வைக்கிறார்கள்.

அடுத்தது ஒட்டு. மார்க்கப் பணி செய்தோரைக் குறித்த லெப்பை, பள்ளிவாசல் பொறுப்பாளரைக் குறித்த மரைக்கார், பாவா, தம்பி, கண்டு என்பன ஆண்களுக்கு. உம்மா, நாச்சி, முத்து என்பன பெண்களுக்கு. உதுமான் லெப்பையோடு சேரும்போது ஈற்றெழுத்துக் கெட்டு உதுமாலெப்பை ஆகிறது. சுலைமான் சுலைமாலெப்பை ஆகிறார். புணர்ச்சி விகாரத்தில் 'கெடுதல்' படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் நமது பிள்ளைகளுக்கு வேண்டாம். அலியார், அசனார் என்பவற்றில் உள்ள 'ஆர்' மரியாதை விகுதி. நக்கீரனார், கபிலர் என்று புலவர்களை மதித்த அதே மொழிப் பழக்கம் அலியையும் ஹஸனையும் மதித்திருக்கிறது. உதுமாங்கண்டு என்பதில் வரும் 'கண்டு', தென்னங்கண்டு, வாழைக்கண்டு என்று நாம் சொல்லும் இளங்கன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

ஒருமுறை வகுப்பில் மீராலெப்பை என்ற பெயரைச் சொன்னபோது ஒரு மாணவன், "சேர், மீரா எண்டா இந்தியாக்காரப் பொம்புளப் பேர்தானே?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. மீரான் சாகிபு என்று அழைக்கப்பட்ட நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை மீது கொண்ட அன்பால் பரவிய பெயர் அது. மீராசாகிபு, மீராமுகைதீன், மீராஉம்மா எல்லாம் அந்த வழி வந்தவை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் இன்றும் அவர் பெயரால் கொடியேறுகிறது. முகைதீனும் காதரும் பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி அவர்களை நினைத்து வைத்தவை. கொடியேற்றத்தை ஏற்போரும் மறுப்போரும் நம்மிடையே உண்டு. அந்த விவாதம் வேறு. ஆனால் 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் நமது உறவுகள் சுட்டுக் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் ஒன்றின் பெயர் மீரா ஜும்ஆப் பள்ளிவாசல் என்று சொன்னேன். பிறகு எவரும் சிரிக்கவில்லை.

இந்தப் பெயர்கள் எங்கே போயின? முழுதாய்ப் போகவில்லை. முதலெழுத்துக்குள் போயின. யூ.எல்.எம். என்றால் உதுமாலெப்பை முகம்மது. ஏ.எல். என்றால் ஆதம்லெப்பை அல்லது அகமதுலெப்பை. எம்.ரி. என்றால் முகம்மதுத்தம்பி. யூ.கே. என்றால் உதுமாங்கண்டு. நமது ஊர்களில் எந்தப் பாடசாலை இடாப்பைத் திறந்தாலும் 'எல்' என்ற எழுத்து வரிசையாய் நிற்கும். அத்தனையும் பெரும்பாலும் லெப்பைகள். வகுப்பில் முதலெழுத்துகளை விரித்து எழுதச் சொன்னால் பலரால் முடிவதில்லை. "வாப்பாட்டக் கேக்கணும் சேர்" என்பார்கள். சிலரின் வாப்பாவுக்கும் தெரிவதில்லை.

ஒருகாலத்தில் இவற்றை ஒளித்துவைக்கும் தேவை இருக்கவில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை. அறபி பாஷா காலத்துக் கொழும்பில் புகழோடிருந்த கட்டடக் கலைஞர் வாப்பிச்சி மரைக்கார். 1947இல் மட்டக்களப்புத் தொகுதியிலிருந்து முதலாவது பாராளுமன்றம் சென்றவர் சின்னலெப்பை. இடையில் பெயர் அரசியலாகியது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். மறுத்தவரின் முதலெழுத்துகளிலும் ஓர் 'எல்' இருக்கிறது. அவருக்கு அது இடைஞ்சலாக இருக்கவில்லை. பிற்காலத்தில் மத்திய கிழக்குத் தொழில், அறபுக் கல்லூரிகளின் பெருக்கம், யுத்தம் தந்த காயம் எல்லாம் சேர்ந்து, தமிழ் ஒட்டுள்ள பெயரைக் கூச்சத்தோடு பார்க்கும் மனத்தை நமக்குள் வளர்த்தன என்பது என் எண்ணம்.

இதில் அதிகம் இழந்தவர்கள் பெண்கள். நமது பகுதியில் குடி தாய்வழி வருவது. வீடு மகளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு. பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி என்று குடிப் பெயர்களிலேயே பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் முதலெழுத்து வாப்பாவின் வழியில் வருகிறது. அதனால் மூத்தவாப்பாவின் பெயர் ஓர் எழுத்தாகவாவது மிஞ்சுகிறது. உம்மம்மாவின் பெயருக்கு அந்த ஓர் எழுத்தும் இல்லை. குடியை மறந்து, பெயரையும் கைவிட்டால் மூன்றாம் தலைமுறையில் அவ இல்லை.

மார்க்கம் இதற்குக் குறுக்கே நிற்கிறதா? அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ், அப்துர் றஹ்மான் என்பது ஹதீஸ். நபியவர்கள் மாற்றியவை தீய பொருளும் இணைவைப்பும் கொண்ட பெயர்கள். கதீஜா, உமர், உஸ்மான் எல்லாம் இஸ்லாத்துக்கு முன்பே பெற்றோர் வைத்த பெயர்கள். அவற்றை மாற்றவில்லை. பொருள் நல்லதா என்பதே கேள்வி. தம்பி, முத்து, கண்டு என்ற சொற்களில் தீமை எங்கே?

புதுப் பெயர் வைப்பது குற்றமல்ல. அழகான பெயர் கேட்பது பிள்ளையின் உரிமை. ஆனால் தேடலைக் கைபேசியில் தொடங்காமல் வீட்டில் தொடங்குங்கள். முடியிறக்குமுன் வீட்டுப் பெரியவரிடம் போய், பிள்ளையின் இரு பக்கத்து மூத்தவாப்பா, மூத்தம்மாமார், அவர்களின் தாய் தகப்பன் பெயர்களை முழுதாய்ச் சொல்லச் சொல்லி ஒரு கொப்பியில் எழுதுங்கள். குடியையும் எழுதுங்கள். பொருள் சந்தேகமென்றால் அறபெழுத்தில் எப்படி எழுதுவது என்று விசயமறிந்த ஒரு மௌலவியிடம் கேளுங்கள். பிறகு விரும்பியதை வையுங்கள்.

அந்தப் பிள்ளை ஏழாம் நாள் மறுபடி எடுத்தாள். பெயர் ஆசியா. 'உம்மா' என்ற ஒட்டைப் பதியவில்லையாம். ஏனென்று கேட்டேன்.

"அது அவ உம்மாவாகக்குள்ள வரட்டும் சேர்."

கொப்பியில் உம்மம்மாவின் முழுப் பெயரையும் எழுதிவைத்தாயா என்று கேட்டேன். எழுதிவிட்டதாகச் சொன்னாள்.