ஓடாத காரும் ஓடின மீட்டரும்

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினா காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, அம்மா மண்டபம், அப்புறம் ஸ்ரீரங்கம். மொத்தமே ஐந்தாறு கிலோமீட்டர்தான். இதுக்குள்ளேயே கோயிலுக்கும் பேங்குக்கும் போய் வந்த கார் பத்து வருஷத்துல 20,000 தாண்டாது. அதனால மீட்டர்ல குறைச்சலா இருந்தாலே பொய்னு சொல்லிட முடியாது.

ஆனா சந்தேகம் பழசு. அம்பாசடர், ஃபியட் காலத்துல புது வண்டிக்குப் பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். செகண்ட் ஹேண்டுக்கு அப்படி ஒரு மவுசு. அப்போ பல மீட்டர்கள்ல ஐந்தே இலக்கம், 99,999 தாண்டினா மறுபடி பூஜ்யம். 12,000 காட்டுற வண்டி 1,12,000 ஓடியிருக்கலாம்! கியர்பாக்ஸிலிருந்து வர்ற கேபிளைக் கழற்றிட்டா வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. விவரமானவங்க மீட்டரைப் பார்க்காம மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனாங்க.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. குடும்பக் கார்கள் பெருகப் பெருக "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டினது" என்கிற மந்திரமும் பெருகிச்சு (திருச்சியில் இத்தனை டாக்டர்களா என்று கேட்கக்கூடாது :-)). பிறகு டிஜிட்டல் மீட்டர். கேபிள் தொல்லை போச்சு, லேப்டாப்பை மாட்டி எண்ணை மாத்துற வித்தை வந்தது.

தெரிந்தவர் ஒருத்தர் ரிட்டயர்மெண்ட் பணத்துல டி.என். 48 வண்டி ஒண்ணு பார்த்தார். 2011 மாடல், 19,000 கிலோமீட்டர். நான் முதலில் டயரைப் பார்க்கச் சொன்னேன். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2311 என்றால் 2011-ன் 23-வது வாரம் செஞ்சது. (2000-க்கு முன்னாடி மூணு இலக்கம்தான்.) 19,000 நிஜம்னா முதல் டயரே இருக்கலாம். இருந்தா மீட்டருக்கு சாட்சி, ஆனா ரப்பர் இறுகிப்போயிருக்கும், மாத்தியே ஆகணும். புது டயரா இருந்தா ஏன் மாத்தினீங்கன்னு கேட்கணும். பெடல் ரப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட் தேய்மானம் எல்லாம் எண்ணோட ஒத்துப்போகணும். சர்வீஸ் பில்லுல தேதியும் கிலோமீட்டரும் வரிசையா ஏறுதான்னு பார்க்கணும்.

மீட்டர் உண்மையாவே இருந்தாலும் நிம்மதி கிடையாது. கிட்டத்துலயே ஓடின எஞ்சின் சரியா சூடேறாது. ஆயில் மூடியைக் கழற்றினா உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிஞ்சிருக்கும், ஈரம் போகாததால. (அதுவே ஹெட் கேஸ்கெட் போனதுக்கும் அடையாளம், மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க.) சைலன்சர் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், பேட்டரி முழுசா சார்ஜ் ஏறாது. டைமிங் பெல்ட் உள்ள வண்டின்னா கிலோமீட்டரோட வயசும் கணக்கு.

இன்னொண்ணு, வெள்ளம். 2015 டிசம்பர்ல சென்னையில் மூழ்கின வண்டிகள் எத்தனையோ. கார்ப்பெட்டைத் தூக்கி மண் படிவு இருக்கான்னு பாருங்க, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து கறை இருக்கான்னும் பாருங்க.

அவர் வண்டியில் டயர் 2011, பில்லும் ஒத்துப்போச்சு. நாலு டயர், பேட்டரி விலையைக் கழிச்சு பேரம் பேசி எடுத்துட்டார்.