தெரிந்த நபர்கள் மூன்று பேர்

கொஞ்சம் நீளமான பதிவு. நைட் டூட்டி முடிஞ்சு வந்து எழுதறேன். நேரம் இருக்கறப்ப பொறுமையா படிங்க.

2023-ல எனக்கு ஒரு கோர்ட் சம்மன் வந்தது. 2017-ல ஒரு ராத்திரி கேஷுவாலிட்டியில நான் பார்த்த கத்திக்குத்து கேஸ். ஆறு வருஷம் ஆச்சு. சத்தியமா முகம் ஞாபகம் இல்லை. என் கையெழுத்து மட்டும்தான் ஞாபகம், அதையும் பழைய ரெஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்துக் காட்டினப்பதான்.

அரசு ஆஸ்பத்திரியில அடிதடி கேஸ் வந்தா முதல்ல ‘ஏ.ஆர்.’ போடுவோம். ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர். பேர், வயசு, அடையாள மச்சம், காயம் எங்கே, எவ்வளவு ஆழம். அதுக்கு மேல ஒரு வரி இருக்கும்: எத்தனை மணிக்கு, எந்த இடத்துல, எதால, எத்தனை பேர் தாக்கினதா நோயாளி சொல்றார், அவங்க தெரிந்தவங்களா தெரியாதவங்களா. நான் எழுதியிருந்தது: ‘தெரிந்த நபர்கள் மூன்று பேர் கத்தியால் குத்தியதாகக் கூறுகிறார்.’

கோர்ட்ல குத்துப்பட்டவர் எனக்கு முன்னாடியே சாட்சி சொல்லி முடிச்சிருந்தார். தகரம் கிழிச்சிடுச்சாம். கூண்டுல நின்னவங்களை முன்ன பின்ன பார்த்ததே இல்லையாம். பிறழ் சாட்சி. என்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: “டாக்டர், கூரான தகரத்தால இப்படி ஒரு காயம் வர வாய்ப்பு இருக்கா?” வாய்ப்பே இல்லைன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. நானும் சொல்லலை.

வெளியே வந்தா, குத்துப்பட்டவரும் குத்தினதா சொல்லப்பட்டவரும் ஒரே டீக்கடையில நிக்கறாங்க. கூட வந்த ஏட்டு எனக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு அந்தப் பையனோட கதையைச் சொன்னார். குத்தினப்ப அவனுக்கு 19 வயசு. அதுக்கப்புறம் ரெண்டு தடவை நன்னடத்தைப் பத்திரம், ஒரு தடவை குண்டாஸ், அதுவும் அஞ்சு மாசத்துல ஹைகோர்ட்ல உடைஞ்சது. நடுவுல வேற ரெண்டு அடிதடி கேஸ். “இப்ப ஏ கேட்டகிரி சார். ஹிஸ்டரி ஷீட் ஓப்பன் பண்ணியாச்சு.”

ஆறு வருஷத்துல அரசாங்கம் அவனை எத்தனை தடவை பிடிச்சு வச்சிருக்குன்னு பாருங்க. ஆனா அந்த ராத்திரி அவன் குத்தினானா இல்லையான்னு ஒரு தடவைகூட யாரும் தீர்மானிக்கலை.

இது ஏதோ ஒரு கேஸ்ல நடந்த கோளாறுன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் படிக்க ஆரம்பிச்சேன். இதுக்கு நூறு வருஷத்துக்கு மேல சரித்திரம் இருக்கு.

ராயபுரம் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும், ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கற ரோட்டுக்குப் பேரே பழைய ஜெயில் ரோடு. (ஏரியா பெரியவங்களுக்கு அது இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான்.) அந்த ஜெயில் இருந்த இடத்துல இப்ப பாரதி மகளிர் கல்லூரி. அந்தப் பக்கம் சென்ட்ரல் எதிர்ல இருந்த மத்திய சிறையை 2006-ல புழலுக்கு மாத்தினாங்க, கட்டடத்தை இடிச்சாங்க. இன்னைக்கு அங்கே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜோட புதுக் கட்டடம் நிக்குது. இந்த ஊர்ல மருத்துவமும் ஜெயிலும் எப்பவும் பக்கத்து வீடுதான்.

ஒரு விஷயத்துல ரெண்டும் ஒரே வீடாவே இருந்திருக்கு. எட்கர் தர்ஸ்டன்னு ஒருத்தர். எழும்பூர் மியூசியத்தோட கண்காணிப்பாளர், மருத்துவம் படிச்சவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல அனாடமி பாடம் எடுத்தவர். தென்னிந்தியச் சாதிகளோட மூக்கு அகலம், மண்டை நீளம் எல்லாத்தையும் அளந்து 1909-ல ஏழு தொகுதி புத்தகம் போட்டார். போலீஸ் அதிகாரிகளுக்கும் இந்த அளவெடுக்கற வித்தையைச் சொல்லிக் குடுத்தார். குற்றவாளியை உடம்பை வச்சே அடையாளம் கண்டுடலாம்னு அன்னைக்கு உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை இருந்தது. எங்க தொழில்காரங்க அதுக்கு நல்லாவே ஒத்து ஊதியிருக்காங்க.

1871-ல வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்கு அப்புறம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரைன்னு அறிவிச்சு, ஆளாளுக்கு ரேகை எடுத்து, ராத்திரியானா ஸ்டேஷன்லயோ சாவடியிலயோ ஆஜராகணும்னு சொன்ன சட்டம். தென் மாவட்டத்துல அதுக்குப் பேரே ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3-ம் தேதி உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன பிறமலைக் கள்ளர்கள் மேல போலீஸ் சுட்டது. ஒரு பொண்ணு உட்பட குறைஞ்சது 16 பேர் செத்தாங்க.

நாம சாதாரணமா திட்டறதுக்குப் பயன்படுத்தற ‘கேடி’ங்கிற வார்த்தையும் போலீஸ் பதிவேட்டுல இருந்து வந்ததுதான். ‘நோன் டெப்ரடேட்டர்’ங்கிறதோட ரெண்டு எழுத்துச் சுருக்கம். அதாவது, தெரிந்த கொள்ளைக்காரன். ‘கேப்மாரி’ன்னு திட்டறோமே, அது ஒரு சமூகத்தோட பேரு. தர்ஸ்டன் புத்தகத்துல இருக்கு.

போலீசுக்கு அவனைத் தெரியும். சட்டத்துக்கு அது போதும். என்ன செஞ்சான்னு நிரூபிக்கற வேலையே இல்லை.

1947-ல சென்னை மாகாணத்துல இந்தச் சட்டத்தை எடுத்தாங்க. அடுத்த வருஷமே, 1948-ல, வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தற சட்டம் வந்தது. ‘பரம்பரை’ங்கிற வார்த்தை போச்சு, ‘வழக்கம்’ங்கிற வார்த்தை வந்தது.

1950-ல அரசியல் சட்டம் வந்த அடுத்த மாசமே தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் போனவர் ஏ.கே. கோபாலன். கம்யூனிஸ்ட் தலைவர், 1947 டிசம்பர்ல இருந்து சிறையில. வழக்கோட பேரே ‘ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாகாணம்’. தோத்துட்டார். ஒரு வருஷத்துக்குன்னு கொண்டு வந்த அந்தச் சட்டம் 1969 கடைசி வரைக்கும் நீண்டது.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். எம்.ஜி.ஆர். ஆட்சியில, 1982-ல, சட்டம் எண் 14. இதைத்தான் எல்லாரும் ‘குண்டாஸ்’னு சொல்றோம். முழுப் பேர் ரயில் பெட்டி மாதிரி நீளும்: கள்ளச்சாராயம், போதை மருந்து, குண்டர், விபசாரத் தொழில், குடிசை நில ஆக்கிரமிப்பு. வனக் குற்றம், திருட்டு வீடியோ, மணல், சைபர், பாலியல் குற்றம்னு பின்னாடி பெட்டி பெட்டியா சேர்த்துக்கிட்டே போனாங்க.

இது எப்படி வேலை செய்யுதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. கமிஷனரோ கலெக்டரோ ஒரு ஆர்டர் போட்டா ஒரு வருஷம் வரைக்கும் உள்ளே. ஜாமீன் கிடையாது. மூணு வாரத்துக்குள்ள அறிவுரைக் குழுவுக்கு அனுப்பணும். அங்கே வக்கீல் வச்சு வாதாட உரிமை இல்லை. பழைய கேஸ்ல தண்டனை ஆகியிருக்கணும்னு அவசியமே இல்லை, எப்.ஐ.ஆர். இருந்தா போதும். அந்தக் கேஸ் எல்லாம் உண்மையான்னு விசாரிக்கற இடமும் அது இல்லை.

அப்புறம் ஆட்கொணர்வு மனு. ஹைகோர்ட்ல பெரும்பாலும் எதுல உடையுது தெரியுமா? குடுத்த ஆவணத்துல ஒரு பக்கம் படிக்க முடியாத ஜெராக்ஸா இருந்திருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பு குடுத்திருக்க மாட்டாங்க. மனுவுக்குப் பதில் சொல்ல அரசு பத்து நாள் லேட் பண்ணியிருக்கும். நிஜமாவே ஊரை மிரட்டினவனும் வெளியே வருவான், சும்மா மாட்டினவனும் வெளியே வருவான். ரெண்டு பேருக்கும் காரணம் அந்த ஜெராக்ஸ்தான்.

2010-ல சென்னையில காலாவதி மருந்து விவகாரம் வெடிச்சது ஞாபகம் இருக்கா? லேபிளை மாத்தி வித்தாங்கன்னு சிலரை இதே சட்டத்துல போட்டாங்க. எனக்கு ரத்தம் கொதிச்ச விஷயம் அது. ஆனா 2011-ல ரேகா எதிர் தமிழ்நாடு வழக்குல சுப்ரீம் கோர்ட் அந்த ஆர்டரை ரத்து பண்ணுச்சு. சாதாரணச் சட்டத்துலயே தண்டிக்க வழி இருக்கறப்ப தடுப்புக் காவல் எதுக்குன்னு கேட்டுச்சு. கோபம் குறைஞ்சப்புறம் படிச்சா, அந்தக் கேள்வியில தப்பு இல்லை. அதுக்கப்புறமும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட சிறை அறிக்கையில, தடுப்புக் காவல் கைதிகள் எண்ணிக்கையில தமிழ்நாடு வருஷா வருஷம் முன்வரிசையிலதான்.

இன்னொரு ஆயுதம் நன்னடத்தைப் பத்திரம். இனிமே ஒழுங்கா இருப்பேன்னு எழுதிக் குடுக்கணும், மீறினா உள்ளே. இந்த அதிகாரத்தை 2013, 2014 அரசாணைகள் மூலமா போலீஸ் துணை கமிஷனர்கள் கையிலயே குடுத்தாங்க. பிடிக்கறதும் அவங்க, பத்திரம் வாங்கறதும் அவங்க, மீறினான்னு சொல்லி ஜெயிலுக்கு அனுப்பறதும் அவங்க. 2023 மார்ச்ல, சதீஷ் வழக்குல, சென்னை ஹைகோர்ட் அந்த அரசாணைகள் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஏட்டு சொன்ன ‘ரெண்டு பத்திரமும்’ எந்தக் கணக்குல சேர்றதுன்னு இப்ப யாருக்குத் தெரியும்.

இங்கே சில பேர் கேப்பீங்க: “அப்ப ரவுடிக்கு சப்போர்ட்டா டாக்டர்?”

இல்லைங்க. அவங்க வெட்டினதை ராத்திரி ரெண்டு மணிக்குத் தைக்கறது நான்தான். திருவொற்றியூர்ல மாமூல் குடுக்கலைன்னு கையில வெட்டு வாங்கின கடைக்காரர் ஒருத்தர், தையல் போடறப்ப வலியைப் பத்திப் பேசவே இல்லை. நாளைக்குக் கடையைத் திறக்கலாமா வேண்டாமான்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு அந்த ஆள் ஒரு வருஷம் உள்ளே இருந்தா ஒரு வருஷம் நிம்மதி. இன்ஸ்பெக்டருக்கும் ஒரு திருவிழா, ஒரு தேர்தல் அமைதியா போகும். அந்த ஒரு வருஷத்தை நான் சின்ன விஷயம்னு சொல்ல மாட்டேன். ஆனா அவன் திரும்பி வர்றப்ப அந்தக் கடைக்காரரோட கேஸ் எந்த நிலையில இருக்கும்? வாய்தாவுல.

டிபி மாத்திரையைப் பாதியில நிறுத்தினா என்ன ஆகும்னு எங்க வார்டுல தினமும் சொல்றோம். மிச்சம் இருக்கற கிருமி மருந்துக்கு அடங்காம போயிடும். பாதி கோர்ஸையே நாலு தடவை குடுத்தா முழு கோர்ஸ் ஆகாது.

ஜெயிலுக்குள்ள போனவங்களுக்கு அங்கே என்ன கிடைக்குதுங்கறது தனிக் கதை. ஒண்ணு மட்டும். 1999 நவம்பர் 17. ‘பாக்ஸர்’ வடிவேலுங்கிற கைதி உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில செத்தார். ஒழுங்கா வைத்தியம் பார்க்கலைன்னு மத்திய சிறையில கலவரம். துணை ஜெயிலர் ஜெயகுமாரை உயிரோட எரிச்சாங்க. போலீஸ் சுட்டதுல கைதிகள் பல பேர் செத்தாங்க. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகள்ல இருந்தவங்கள்ல 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு வராதவங்க.

கடைசி ஆயுதம் உங்களுக்கே தெரியும். 2024 ஜூலை 5-ம் தேதி பெரம்பூர்ல பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அதுக்கப்புறம் ஜூலை 14-ல மாதவரம் பக்கம் திருவேங்கடம், செப்டம்பர் 18-ல வியாசர்பாடியில காக்காத்தோப்பு பாலாஜி, 23-ல நீலாங்கரையில சீசிங் ராஜா. மூணுமே என்கவுன்டர். பாலாஜி மேல 50-க்கு மேல வழக்குன்னு எல்லாப் பேப்பர்லயும் வந்தது. வாட்ஸ்அப்ல எல்லாரும் போலீசுக்குக் கைதட்டினாங்க, எங்க டாக்டர் குரூப் உட்பட. எனக்கு அந்த 50-ங்கிற எண்தான் உறுத்துச்சு. ஒவ்வொரு வழக்குக்குப் பின்னாலயும் ஒரு புகார்தாரர் இருக்கார். அடிதடி வழக்குன்னா ஒரு ஏ.ஆர். இருக்கும், ராத்திரி முழிச்சு அதை எழுதின ஒரு டூட்டி டாக்டர் இருப்பார். ஆள் செத்துட்டா வழக்கு அத்தோட முடிஞ்சுடும். அந்த 50 பேருக்கும் இனி தீர்ப்பு கிடையாது.

வெளியூர்ல என்ன பண்ணாங்கன்னு தேடினேன். வேல்ஸ்ல கார்டிப் நகரத்துல ஜொனாதன் ஷெப்பர்டுன்னு ஒரு முகத்தாடை அறுவை நிபுணர். அவர்கிட்ட வர்ற அடிதடிக் காயங்கள்ல பெரும்பாலானது போலீஸ் கணக்குலயே இல்லைன்னு கண்டுபிடிச்சார். பேர் இல்லாம, எந்த இடம், எத்தனை மணி, என்ன ஆயுதம்ங்கிறதை மட்டும் ஆஸ்பத்திரியில குறிச்சு மாநகராட்சிக்கும் போலீசுக்கும் குடுத்தாங்க. அதை வச்சு எந்தத் தெருவுல எப்ப ஆள் போடணும்னு முடிவு பண்ணாங்க. ஒப்பிடக்கூடிய மத்த ஊர்களைவிட அங்கே காயத்தோட அட்மிட் ஆகறவங்க நல்லாவே குறைஞ்சாங்கன்னு 2011-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கட்டுரை வந்தது.

நம்மகிட்ட அந்தத் தகவல் எல்லாம் ஏற்கனவே இருக்கு. எந்தத் தெரு, எத்தனை மணி, என்ன ஆயுதம்னு ஒவ்வொரு ஏ.ஆர்.லயும் எழுதறோம். எழுதி பீரோவுல வைக்கறோம். என் சர்வீஸ்ல, சம்மன் வந்தப்ப தவிர, அந்த ரெஜிஸ்டரை ஒருத்தரும் திறந்து பார்த்து நான் கண்டதில்லை.

சாட்சிப் பாதுகாப்புத் திட்டம்னு ஒண்ணு இருக்கு. 2018 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிட்டு, நாடு முழுக்கச் சட்டம் மாதிரி செல்லும்னு சொன்னது. 2017-ல குத்துப்பட்ட அந்த மனுஷன் கூண்டுல ஏறினப்ப அது நடைமுறையில இருந்திருக்கணும். அவர் வீட்டுக்கும் அந்தப் பையன் வீட்டுக்கும் நடுவுல நாலு வீடுதான்னு ஏட்டு சொன்னார்.

போன வாரம் நைட்ல ஒரு பையன் வந்தான். எண்ணூர் பக்கம், 20 வயசு இருக்கும், தொடையில ஆழமான வெட்டு. தையல் போட்டுக்கிட்டே வழக்கமான கேள்வியைக் கேட்டேன், தெரிஞ்சவங்களா தெரியாதவங்களான்னு. பையன் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க அம்மா முந்திக்கிட்டாங்க: “தெரியாதவங்கன்னே எழுதிக்கோங்க சார். நாங்க அங்கயேதான் இருக்கணும்.”

எனக்கு அடுத்த மாசம் இன்னொரு சம்மன் இருக்கு. 2019 கேஸ்.