பத்மநாபபுரம்: பழைய தலைநகரும் இன்றைய நகராட்சியும்

அரண்மனையைக் காணப் பத்மநாபபுரம் செல்லாத குடும்பம் நம் ஸ்ரீவராகத்தில் அரிது. ஆனால் அவ்வரண்மனையைச் சுற்றி ஓர் ஊர் இருப்பதையும், அதற்கென ஒரு நகராட்சி இயங்குவதையும் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அவ்வூரின் வரலாற்றை இங்கே சுருங்கக் கூற முற்படுகிறோம்.

கல்குளம் என்பது இதன் பழம்பெயர். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் காலத்தில் கோட்டை கருங்கல்லால் வலுப்பெற்றது. பத்மநாபபுரம் என்ற பெயரும் வழங்கலாயிற்று. 1795ஆம் ஆண்டையொட்டித் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசரும் அதிகாரிகளும் புறப்பட்டனர். கோட்டையும் தெருக்களும் குடிகளும் அங்கேயே நின்றனர்.

தலைநகர்ப் பெருமை நீங்கியபின்னும் ஊர் அழிந்துவிடவில்லை. சமஸ்தானக் காலத்திலேயே அது நகராட்சியாயிற்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்து, கன்னியாகுமரி மாவட்டம் உருவாயிற்று. ஊர் தமிழகத்தைச் சேர்ந்தது. அரண்மனையோ கேரள அரசின் தொல்பொருள் துறையிடமே இருந்துவருகிறது. ஆகவே, அரண்மனை ஓட்டைப் பழுதுபார்க்க ஆணை திருவனந்தபுரத்திலிருந்து வரவேண்டும். அதன் மதிலுக்கு வெளியே தெருவிளக்கு எரிய நகராட்சி முனையவேண்டும்.

இன்று இந்நகராட்சியில் 21 வார்டுகள் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 21 ஆயிரம். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் தம்முள் ஒருவரைத் தலைவராகத் தெரிவு செய்கின்றனர். அரசு நியமிக்கும் ஆணையர் நிர்வாகத்தை நடத்துகிறார். கல்குளம் தாலுகாவின் தலைமையிடமான தக்கலை இதன் எல்லைக்குள் அடங்கும். மாவட்டத்தின் இரு வருவாய்க் கோட்டங்களில் ஒன்று பத்மநாபபுரத்தின் பெயரையே தாங்குகிறது. ஆயினும் ஊருக்கென ரயில் நிலையம் இல்லை. 1979இல் திறக்கப்பட்ட நாகர்கோவில் பாதையில் இரணியலில் இறங்கியே செல்லவேண்டும்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இங்கே எழுந்தருள்கின்றனர். களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்கின்றனர். கோடு பிரித்த ஊர்களை வழிபாடு இன்றும் இணைத்து நிற்கிறது.

நாம் உணர வேண்டுவது ஒன்றுண்டு. தலைநகர் என்னும் சிறப்பு அரசர் அளித்தது. அவரோடு அது போயிற்று. நகராட்சி குடிகளுடைய வரியாலும் வாக்காலும் நிற்பது. அவர்கள் அக்கறை உள்ளவரை அது நிலைக்கும். பிழைப்பை நாடி வந்து, மாநகராட்சி எல்லைக்குள் குடியமர்ந்த நமக்கும் இது பொருந்தும். வந்தேறிகள் என்று ஒதுங்கி நில்லாமல், வார்டுக் கூட்டத்துக்குச் செல்வோம். நம் தெருவின் குறையை நாமே எடுத்துரைப்போம். அடுத்த முறை பிள்ளைகளுக்கு அரண்மனையைக் காட்டும்போது, நகராட்சி அலுவலகத்தையும் காட்டுவோமாக.